கறையில்லாத மனு

உதவிக் கருவிகள் வாரியத்துக்கு மெஷின் வந்த அன்று, வாசலில் இருந்த பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார்கள். "இங்கே இனி மனிதர்கள் முடிவெடுப்பதில்லை" என்று அதில் எழுதியிருந்தது. பெருமையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

மெஷினுக்கு 'சமநோக்கு' என்று பெயர். ஆனால் அலுவலகத்தில் அதை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஐயா படிச்சிட்டிருக்காரு", "ஐயா இன்னும் முடிவு சொல்லலை", "ஐயாவுக்குச் சூடாயிடுச்சு, அந்த ஃபேனைத் திருப்பி வை" என்றுதான் பேச்சு. வரிசையில் நின்ற மனுதாரர்களை மட்டும் நேற்றுவரை எப்படி "ஏய், தள்ளி நில்லு" என்றார்களோ, அப்படியேதான் இன்றும் சொன்னார்கள். ஆனாலும் அந்த அலுவலகத்தில் மரியாதையே கிடையாது என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது.

அந்த வரிசையில்தான் ஒரு டிரைகிளீனிங் கடைக்காரர் வந்து நின்றார். பத்தொன்பது வருடமாக ஊரார் துணியில் கறை எடுப்பது அவர் தொழில். மை, துரு, எண்ணெய், உதட்டுச் சாயம், சட்டைக் கழுத்து அழுக்கு என்று அவர் பார்க்காத கறை இல்லை. தெருவில் அவருக்குக் கறையண்ணன் என்று பேர். அவர் மகளுக்கு நாலு வயது நாலு மாதம். பிறந்ததிலிருந்து காது கேட்காது. வீட்டில் அவளை வாலு என்று கூப்பிடுவார்கள். அந்தப் பேர் தனக்கு இருப்பது அவளுக்குத் தெரியாது.

"அஞ்சு வயசுக்குள்ள காதுல கருவி மாட்டியாகணும்," என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அப்புறமா மாட்டினா சத்தம் கேக்கும், ஆனா பேச்சு வர்றது கஷ்டம். தள்ளிப்போடாதீங்க."

வாரியத்தின் ஆணை இல்லாமல் எந்தக் கடையும் அந்தக் கருவியைக் கொடுக்கக் கூடாது. கையில் எட்டு மாதம் இருந்தது. எட்டு மாதம் தாராளம் என்றுதான் கறையண்ணன் நினைத்தார். அவர் அதுவரை எந்த வாரியத்துக்கும் போனதில்லை.

முதல் மனுவை அவர் தயாரித்த விதத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கே கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றியிருக்கும். வெள்ளைத் தாள், ஒரு சுருக்கம் கிடையாது. இஸ்திரி போட்டிருந்தார். டாக்டர் சீட்டு, பிறப்புச் சான்று, காதுப் பரிசோதனை எல்லாம் ஓரம் ஓரத்தோடு பொருந்த அடுக்கி, கல்யாணப் புடவைக்குப் போடும் பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொடுத்தார். மூன்று வாரத்தில் பதில் வந்தது: "தகுதி போதவில்லை."

இரண்டாவது தடவை இன்னும் நாலு சான்றுகளைச் சேர்த்தார். இன்னும் நன்றாக இஸ்திரி போட்டார். ஒரு மாதத்தில் பதில் வந்தது: "தகுதி மேலும் போதவில்லை."

"மேலும்னா என்ன சார்? போன தடவையவிட நிறையக் குடுத்திருக்கேனே?" என்று கவுண்டரில் கேட்டார்.

"ஐயா காரணம் சொல்லமாட்டாரு," என்றார் எழுத்தர். "முன்னாடி நாங்க இருந்தப்போ காரணம் கேட்டா கோவப்படுவோம். ஐயா கோவப்படறதில்ல பாருங்க. அதான் முன்னேற்றம்."

வெளியே வந்தவரைப் பிளம்பர் ஒருவர் தோளைத் தொட்டு ஓரமாக அழைத்துப் போனார். அம்மாவுக்கு சக்கர நாற்காலி கேட்டு மூன்று முறை தோற்று, நாலாவது முறை ஒரே நாளில் ஆணை வாங்கியவர் அவர். அதனால் வரிசையில் அவருக்கு ஒரு பெரிய மனுஷன் அந்தஸ்து இருந்தது.

"அண்ணே, உங்க மனுவுல கறை இருக்கா?"

கறையண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னைப் பாத்தா எப்படிய்யா தெரியுது? என் கையில இருந்து கறையோட ஒரு கைக்குட்டைகூட வெளிய போனதில்ல."

"அதான் போகலை," என்றார் பிளம்பர்.

விஷயம் இதுதான். மெஷினுக்கு நியாயம் கற்றுக்கொடுப்பதற்காக வாரியத்தின் இருபத்திரண்டு வருடக் கோப்புகளையும் படமெடுத்து அதற்குள் போட்டிருந்தார்கள். அந்த இருபத்திரண்டு வருடமும் ஒரே ஒரு மூத்த எழுத்தர்தான் அந்த நாற்காலியில் இருந்தார். ஒப்புதல் கொடுக்கலாம் என்று நினைத்த மனுவை எடுத்து மேசையில் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். அதன் மேல் டீ கிளாஸை வைப்பார். வேண்டாம் என்று நினைத்ததை அலமாரி உச்சிக்கு வீசிவிடுவார். அங்கே டீ போகாது. மெஷின் லட்சம் கோப்புகளைப் படித்தது, யோசித்தது, ஒரு முடிவுக்கு வந்தது. யார் உண்மையிலேயே கஷ்டப்படுகிறார்களோ அவர்கள் மனுவில் வட்டமாக ஒரு டீக்கறை இருக்கும். பிளம்பர் நாலாவது மனுவை டீக்கடை பெஞ்சில் வைத்து நிரப்பியிருந்தார்.

கறையண்ணன் வீட்டுக்குப் போய் மேசையில் புது மனுவை விரித்தார். டீ போடச் சொன்னார். கிளாஸை எடுத்துத் தாளின் மேல் வைத்தார். தூக்கினார். ஈர வட்டம் தெரிந்த அந்த நொடியே அவர் இடது கை தானாக ஒரு துணியை எடுத்து ஒற்றிவிட்டது. இன்னொரு தாள் எடுத்தார். இந்த முறை இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். வலது கை ஒற்றிவிட்டது. ஆறு தாள் போயிற்று.

"தள்ளுங்க அந்தப் பக்கம்," என்றாள் மனைவி. கிளாஸை வாங்கி டொப்பென்று வைத்து எடுத்தாள். பழுப்பு வட்டம் அம்சமாக விழுந்தது. "பிள்ளை பேசணும்னு ஆசை இருக்கிறவன் ஒரு டீ கிளாஸுக்கு இவ்வளவு யோசிக்கிறானா?"

அவர் வீணாய்ப்போன ஆறு தாளையும் எடுத்து ஓரம் பொருந்த அடுக்கினார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்தார்.

ஆனால் மறுநாள் அதை எடுத்துக்கொண்டு போவதற்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துபோயிருந்தது. வாரியத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் கிளாஸுக்கு அடியில் கொஞ்சம் சிந்தியே கொடுத்தார்கள். அதற்கு மனு டீ என்று பேர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பரீட்சைத் தாளில் கறை வைத்துக் கொடுத்தார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், மாப்பிள்ளையின் வேலைச் சான்றில் கறை இல்லையே என்று சந்தேகப்பட்டுத் திரும்பிப் போனதாகவும் கேள்வி. அரைகுறையாகப் பரவினால் அது வதந்தி, முழுசாகப் பரவிவிட்டால் நடைமுறை. நடைமுறை ஆன பிறகு வாரியம் சும்மா இருக்க முடியுமா? துணை இயக்குநர் எல்லாரையும் கூடத்தில் கூட்டிவைத்துப் பேசினார். இஸ்திரி கலையாத சட்டை. கறையண்ணன் அதை மட்டும் மெச்சினார்.

"சில பேரு சொல்றாங்க, ஐயா தப்பாக் கத்துக்கிட்டாரு, அவரைத் திருத்துங்கன்னு. நல்லா யோசிச்சுப் பாருங்க. ஐயாவைத் திருத்தினா என்ன ஆகும்? அவரு எங்ககிட்டதான் கத்துக்கிட்டாரு. அப்போ நாங்க இருபத்திரண்டு வருஷமா தப்புப் பண்ணினதா ஆயிடும். நாங்க தப்புப் பண்ணலைன்னு போன மாசம்தான் எங்க விசாரணைக் குழு எங்களை விசாரிச்சுச் சொல்லியிருக்கு. ஆகவே மெஷினைத் திருத்தறதில்ல. மக்களைத் திருத்தறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். மெஷின் ஒண்ணுதான் இருக்கு, விலை உயர்ந்தது. நீங்க நிறையப் பேரு இருக்கீங்க."

கூடத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். கறையண்ணனும் தட்டினார். பக்கத்தில் இருப்பவர் தட்டும்போது நாம் மட்டும் தட்டாமல் இருந்தால் மனு போய்விடும் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. எல்லாருக்கும் பக்கத்தில் ஒருவர் இருந்தார்.

அன்றே சுற்றறிக்கை வந்தது. கறையின் விட்டம் இவ்வளவு, நிறம் இந்த அட்டையில் உள்ளபடி, இடம் வலது மேல் மூலை. கறையண்ணன் தன் மனைவி வைத்த கறையோடு கவுண்டருக்குப் போனார்.

எழுத்தர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "யார் வெச்சது இது?"

"என் வீட்டுக்காரி சார்."

"தனியார் கறை செல்லாது. கறை இடும் பிரிவுக்குப் போங்க. மூணாம் நம்பர் ரூம்."

மூணாம் நம்பர் அறையில் கறை அலுவலர் என்று ஒருவரை நியமித்திருந்தார்கள். பழைய எழுத்தர் குடித்த கிளாஸைத்தான் மனு மேல் வைத்தார் என்பதால், இவரும் ஒவ்வொரு மனுவுக்கும் இரண்டு மடக்காவது குடித்துவிட்டுத்தான் கிளாஸை வைக்க வேண்டும் என்று விதி. காலை பதினொரு மணிக்குள் முப்பது மனு ஆகிவிடும். அதற்கு மேல் அவருக்குக் கை நடுங்கும், வட்டம் முட்டையாகிவிடும். முட்டை வட்டம் விழுந்தவர்கள் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். கறையண்ணன் ஆறு வாரம் போனார். ஒவ்வொரு நாளும் அவருக்கு முப்பத்தொன்றாவது இடமோ முப்பத்து நாலாவது இடமோதான் கிடைத்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்களே, அங்கே சாணும் ஏறவில்லை.

ஏழாவது வாரம் கறை அலுவலரின் டாக்டர் அவர் இனி டீயைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் கடமை உணர்ச்சி மிக்கவர். விடுப்புப் போடாமல் காபிக்கு மாறினார். அந்த வாரம் போன அத்தனை மனுவையும் ஐயா தள்ளிவிட்டார். கால் இல்லாதவர், கை இல்லாதவர், யாரையும் விடவில்லை. பாரபட்சமே பார்க்கவில்லை. காபி விவகாரத்தை ஆராயக் குழு போட்டார்கள். குழு கூடியபோது குடிப்பதற்கு என்ன கொடுப்பது என்று முடிவாகாமல் இரண்டு முறை ஒத்திப்போட்டார்கள்.

இதற்குள் அஞ்சு மாதம் கரைந்துவிட்டது. வாலு கடையில் துணி மூட்டை மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து என்னென்னவோ சத்தம் போடுவாள். அது என்ன என்று அவளுக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. கறையண்ணன் காலண்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டார். மனைவிதான் தினமும் பார்த்தாள்.

புதுக் கறை அலுவலர் வந்தார். இளம் வயசு, நல்ல வயிறு, ஒரு நாளைக்கு அறுபது மனு தாங்கினார். கறையண்ணன் மனுவில் சுத்தமான, சட்டப்படியான, உருண்டையான கறை விழுந்தது. ஒரு வாரத்தில் பதில் வந்தது: "மனு ஏற்கப்பட்டது. நேர்முக அழைப்புக்குப் பின் கருவி வழங்கப்படும்." வீட்டில் மூன்று பேரும் அந்தத் தாளைச் சுற்றி ஆடினார்கள். வாலு எதற்கு என்று தெரியாமலே எல்லாரையும்விட நன்றாக ஆடினாள்.

நேர்முக அழைப்பு என்றால் என்ன என்று மறுநாள் போய்க் கேட்டார்.

"மனுதாரரைத் தனியா கண்ணாடி ரூம்ல உக்கார வைப்போம்," என்றார் துணை இயக்குநர். "ஐயா ஸ்பீக்கர்ல பேரு சொல்லி மூணு தடவை கூப்பிடுவாரு. மனுதாரர் முன்னால இருக்கிற பச்சை பட்டனை அமுக்கணும். அமுக்கலைன்னா 'மூன்று முறை அழைத்தும் வரவில்லை'ன்னு மூடிடுவாரு."

"பேரு சொல்லியா சார்?"

"ஆமா. இருபத்திரண்டு வருஷமா எங்க பியூன் இந்தக் கூடத்துல நின்னு மூணு தடவை கத்துவாரு. வரலைன்னா கேஸ் முடிஞ்சுது. அந்த ரிஜிஸ்டரையும் ஐயா படிச்சிருக்காரு."

"சார், என் பொண்ணுக்குக் காது கேக்காது. அதுக்குத்தான் மனுவே போட்டிருக்கேன். கூப்பிட்டா அவளுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் ஒரே விதிதான். சக்கர நாற்காலி கேக்கறவங்களைக்கூட நாங்க மாடிக்கு நடந்துதான் வரச் சொல்றோம். பாகுபாடே காட்டறதில்ல."

"நான் பக்கத்துல உக்காந்து தோளைத் தட்டட்டுமா? தட்டறது மட்டும்தான்."

"கூடாது."

"அப்போ ஒரு லைட்டாவது போட்டுக் காட்டினா..."

துணை இயக்குநருக்குப் பொறுமை போய்விட்டது. "நானும் அரை மணி நேரமா விளக்கிச் சொல்றேன். செவிடன் காதுல ஊதின சங்கு மாதிரி நிக்கறீங்களே!" என்றார். சொல்லி முடித்த பிறகும் அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கறையண்ணனுக்கு உறைத்தது. வெளியே வந்து கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அழைப்பு நடந்துகொண்டிருந்தது. கண்ணாடி அறைக்குள் ஸ்பீக்கர் யாரையோ கூப்பிட்டது. கறையண்ணனின் தொடைக்கடியில் ஏதோ நடுங்கியது. அவர் நிமிர்ந்தார். ஸ்பீக்கரை அந்த நீள இரும்பு பெஞ்சின் காலிலேயே திருகி மாட்டியிருந்தார்கள். பெஞ்சின் பாதி கண்ணாடிக்கு உள்ளே, பாதி வெளியே. பெஞ்சை நகர்த்த ஆள் கிடைக்காததால் கண்ணாடிச் சுவரை அப்படியே பெஞ்சுக்கு மேல் கட்டியிருந்தார்கள். மறுபடி கூப்பிட்டது. பெஞ்சு மறுபடி நடுங்கியது. வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்கு ஒரு அரசு வேலையின் கோளாறைப் பார்த்துச் சந்தோஷம் பொங்கியது.

கடையில் துணி தேய்க்கும் நீராவி அழுத்தி ஒன்று இருக்கிறது. அது மூடும்போது தரை அதிரும். வாலு எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் அந்த அதிர்வில் திரும்பிப் பார்ப்பாள். அவளுக்குக் கால்தான் காது. மறுநாளே கறையண்ணன் ஒரு இரும்பு முக்காலியில் ரேடியோவின் ஸ்பீக்கரைக் கட்டினார். அவளை உட்கார வைத்தார். முன்னால் ஒரு பச்சை பாட்டில் மூடி. ரேடியோவைத் திருகி விட்டு, முக்காலி நடுங்கியதும் அவள் கையை எடுத்து மூடியின் மேல் வைத்தார். நூறு தடவை. இருநூறு தடவை. முதலில் அவள் நடுக்கம் கூசுகிறது என்று சிரித்தே நேரத்தைக் கழித்தாள். பிறகு மூடியைக் கடித்தாள். மூன்றாவது வாரம் ஒரு நாள், ரேடியோ உறுமியது, முக்காலி நடுங்கியது, அவள் டப்பென்று மூடியை அடித்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். கறையண்ணன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மனைவி அடுப்படியில் நின்று முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அதன் பிறகு வாலுவுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. தானே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள்.

அழைப்பு நாள் வந்தபோது அவளுக்கு அஞ்சு வயது முடிய ஒன்பது நாள் இருந்தது.

கண்ணாடிக்கு உள்ளே அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள், தலையில் இரண்டு குடுமி, கால் தரையைத் தொடவில்லை. வெளியே அம்மா, அப்பா, பிளம்பர், வரிசையில் நின்ற அத்தனை பேரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். கையசைத்தால் மனு ரத்து என்று எழுதியிருந்ததால் எல்லாரும் கைகட்டி நின்றார்கள்.

ஸ்பீக்கர் அவள் பேரைச் சொன்னது. அவள் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாலு, வாலு," என்று அம்மா உதட்டை அசைக்காமல் முனகினாள்.

இரண்டாவது முறை சொன்னது. அவள் குனிந்து பெஞ்சைப் பார்த்தாள். உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். வெளிப் பாதியில் முழங்காலை ஒட்டி நின்ற கறையண்ணனுக்கும் அதே நடுக்கம் ஏறியது.

மூன்றாவது முறை. டப்!

கூடமே கூவியது. பிளம்பர் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்தார். பியூன்கூடக் கைதட்டினார். உள்ளே வாலு குடுமி ஆட அப்பாவைத் தேடினாள். கறையண்ணன் கட்டைவிரலைத் தூக்கினார்.

திரையில் எழுத்து வந்தது. "மனுதாரர் அழைப்புக்கு விடையளித்தார். வருகை உறுதி செய்யப்பட்டது." மறுபடி ஒரு கூச்சல். அதற்கடியில் இன்னொரு வரி வந்தது. "அழைப்பு அவர் காதில் விழுந்துள்ளதால் கேட்கும் கருவி தேவையில்லை. மனு நிராகரிக்கப்பட்டது."

கைதட்டல் ஒரு நொடியில் நிற்கவில்லை. வாசிக்கத் தெரியாதவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் தட்டினார்கள்.

துணை இயக்குநர் அறையில் டீ வந்திருந்தது. "சந்தோஷப்படுங்க," என்றார் அவர். மனசாரச் சொன்னார். "உங்க பொண்ணுக்குக் காது கேக்குதுன்னு வாரியமே சொல்லியாச்சு. எத்தனை பேருக்கு இது கிடைக்கும்?"

"அவளுக்குக் கேக்காது சார். பெஞ்சு ஆடிச்சு. அதை வெச்சுத்தான் அமுக்கினா. நான்தான் பழக்கினேன்."

"அப்போ மோசடின்னு எழுதணும். வேண்டாம், குழந்தை. விட்டுடறேன்."

"கேக்கலைன்னு நான் எப்படித்தான் சார் நிரூபிக்கறது?"

"கூப்பிட்டப்போ அமுக்காம இருந்திருக்கணும்."

"அமுக்காம இருந்தா?"

"வரலைன்னு மூடியிருப்போம்."

பத்தொன்பது வருடத் தொழிலில் எடுக்க முடியாத கறை என்று ஒன்றும் இருக்காது, எந்தத் திராவகம் என்றுதான் தெரிய வேண்டும் என்று கறையண்ணன் எல்லாரிடமும் சொல்லுவார். இதற்கு எந்தத் திராவகம் என்று அவருக்குத் தெரியவில்லை.

"மேல்முறையீடு பண்ணுங்க," என்றார் துணை இயக்குநர். "ஆறு மாசத்துல பதில் வந்துடும். போனாப் போகுது, உங்களுக்காக ஒண்ணு பண்றேன்." நிராகரிப்பு ஆணையைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு மடக்குக் குடித்து, கிளாஸை வலது மேல் மூலையில் வைத்து எடுத்தார். வட்டம் கச்சிதமாக இருந்தது. "மூணாம் நம்பர் ரூமுக்கு நீங்க அலைய வேண்டாம்."

"ரொம்ப நன்றி சார்," என்றார் கறையண்ணன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. கை அந்தக் கறையை ஒற்றவில்லை.

தெருவுக்கு வந்தார்கள். மனைவி பையில் சான்றுகளைத் திணித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாலு அப்பாவின் சட்டையை இழுத்து, நான் சரியாகச் செய்தேனா என்று கட்டைவிரலைத் தூக்கிக் கேட்டாள். அவர் தூக்கிக் காட்டினார். ஜெயித்த சந்தோஷத்தில் அவள் குதித்துக்கொண்டு முன்னால் ஓடினாள். அவர் அந்தத் தாளை, ஈரம் கலைந்துவிடாமல், இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். மேல்முறையீட்டுக்கு அது வேண்டும்.

நடைபாதை முடிந்தது. அவள் நிற்கவில்லை. வளைவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது.

"வாலு!" என்று கத்தினார். மறுபடி கத்தினார். தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டே மூன்றாவது முறையும் கத்தினார்.

குடுமியைப் பிடித்து இழுத்து நடைபாதையில் போட்டபோது அவளுக்கு அடி ஒன்றும் படவில்லை. எதற்கு இழுத்தார் என்று புரியாமல் அழுதாள். மூன்று முறை கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. அதைக் குறித்துக்கொள்ளத் தெருவில் வாரியத்தார் யாரும் இல்லை.